நாலா, ஒன்பதா

நாச்சிமுத்துவின் மேல்வரிசைப் பல் இரண்டு போனது பெயரும் முகமும் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பாடகியால். எண்பத்து மூன்றாம் வருஷம், ஆயுத பூசைக்கு மறுநாள், பகல் பதினோரு மணி. திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் லாரிப் பட்டறைகளின் முன்னால், முந்தின நாள் உடைத்த பூசணிக்காய்கள் குங்குமம் கலந்து சிதறிக் கிடந்தன. அவன் வாயிலிருந்து விழுந்த ரத்தம் அந்தச் சிவப்போடு சிவப்பாகப் போயிற்று.

அடித்தவன் சென்னியப்பன். அடி விழுந்த இடம் அவனுடைய தங்கை உண்ணாமலையின் கடைவாசல். பெயருக்கு அது அவள் புருஷன் பாலசுந்தரத்தின் ரெக்கார்டிங் சென்டர். ஆனால் கேசட்டுகளின் மேல் எழுதுவது, அடுக்குவது, எந்தக் கேசட் எந்த வண்டிக்குப் போயிருக்கிறது என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் உண்ணாமலைதான். எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அந்தக் கையெழுத்தில்தான் வினை பிடித்திருந்தது.

முந்தின வருஷம் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவை ஏலம் விட்டபோது பாலசுந்தரம் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளை வாங்கி வந்தான். பங்களாவின் கூரை ஒழுகி, அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதங்களும் உரிந்து போயிருந்தன. சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைத்ததில் நாற்பத்தொரு தட்டுகள் தேறின. யார் பாடியது, எந்தக் குழு என்று எதுவும் தெரியவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த வரிசைப்படி உண்ணாமலை தட்டுகளுக்கும் அவற்றைப் பதிந்த கேசட்டுகளுக்கும் நம்பர் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்தொன்று வரை.

ஆறு மாதம் அவற்றை யாரும் சீண்டவில்லை. பிறகு ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் வண்டியின் டிரைவர் கர்நூல் போகும்போது சும்மா பன்னிரண்டாம் நம்பரை எடுத்துப் போனான். திரும்பி வந்து சொன்னான்: "ஒரு பக்கம் பூராம் ஒரே பாட்டுங்க. மெதுவா ஆரம்பிக்குது, அப்பறம் நம்ம ஹேமர் மாதிரி எறங்குது, நடுவால மாதா கோயில் ஆர்கன் வருது, மறுக்காவும் எறங்குது. தூக்கமே வரலீங்க." அதோடு பிடித்துக்கொண்டது. ஈரோட்டில் படித்த ஒரு பையன் இதற்கு புரோகிரசிவ் ராக் என்று பெயர் என்றான். முதல் சொல் யார் வாயிலும் நிற்கவில்லை. இரண்டாவது சொல்லை ரிக் ஆட்கள் ஏற்கெனவே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறுபது அடி மண் முடிந்து, துளை போடுகிற ஹேமர் எந்தப் பாறையில் மோதுகிறதோ அதுதான் அவர்களுக்கு ராக். 'ராக்குப் பாட்டு' என்றே கேட்டு வாங்கினார்கள்.

நாற்பத்தொன்றில் ஐந்து பெண் குரல்கள். சண்டையெல்லாம் இந்த ஐந்துக்குள்தான்.

நான்காம் நம்பர்க்காரி மற்றவர்கள் முடிக்கிற இடத்தில் தொடங்குவாள். கஷ்டப்படுகிற மாதிரியே இருக்காது. வார்த்தையை எங்கோ பாதியில் விட்டுவிட்டு வெறும் குரலாக மேலே போவாள். உச்சியில் நூல் மாதிரி நின்று, அறுபடாமல் நின்று, பிறகு தானாக இறங்குவாள். பதினேழு பாடுகிறாளா பேசுகிறாளா என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு குழந்தை மாதிரி ஆரம்பித்துக் கடைசியில் அலறுவாள். முப்பத்தொன்றில் பாட்டே கிடையாது, ஒரு பெண் வார்த்தையில்லாமல் அழுவது மட்டும்தான். எழவு வீட்டுச் சத்தம் என்று ரிக் ஆட்கள் அதை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். ஒன்பதின் குரல் அடியிலேயே கிடக்கும். சரளைக்கல் உருளுகிற குரல். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். மேலே ஏறவே மாட்டாள், கேட்கிறவன்தான் இறங்கிப் போக வேண்டும்.

ஊரில் பெரும்பாலும் நாலாம் நம்பர்க் கட்சி. அதற்குத் தலைவன் நாச்சிமுத்து. ஒன்பதுக்குக் கிட்டத்தட்டத் தனி ஆளாக நின்றவன் சென்னியப்பன். உண்ணாமலையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: நாலு பாடுவதற்கு எதிரே ஆள் வேண்டியதில்லை, ஒன்பது ஒருவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பாடுகிறாள்.

அந்த வாரம் சென்னியப்பனுக்குப் பாட்டைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. ரிக் முதலாளி கைலாசம் புது வண்டி இறக்கியிருந்தார். புதன்கிழமை விடியற்காலை அது கர்நூலுக்குக் கிளம்புகிறது. எட்டு வருஷம் கம்பரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில் ஹெல்ப்பராக நின்று, துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடு தூக்கிய சென்னியப்பன் அதில் லீவர் பிடிக்கிற டிரில்லராகப் போவதாகப் பேச்சு. வாழப்பாடியில் தாய் வீட்டுக்குப் போய்விட்ட அவன் மனைவி, "லீவர் புடிக்கற அன்னைக்கு வந்து கூப்புடுங்க, வாரேன்" என்று சொல்லி இரண்டு வருஷமாகிறது.

லீவர் பிடிப்பது கை வேலை போலத் தெரியும். அது காது வேலை. இருநூறு அடிக்குக் கீழே ஹேமர் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. பாறைக்குள் வெடிப்பு வந்தால் சத்தம் ஒரு நூல் மேலே ஏறும். அந்த நொடியில் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் ராடு சிக்கி முறியும். போன வருஷம் வேறொருவர் வண்டியில் அப்படி முறிந்த ராடு ஹெல்ப்பர் ஒருவனின் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே கொண்டு போயிற்று. அவனுக்கு வயது பத்தொன்பது.

அன்று கைலாசம் கடைக்கு வந்ததே புது வண்டிக்குக் கேசட் வாங்கத்தான். கூடவே நாச்சிமுத்துவும் பட்டறை ஆட்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். சென்னியப்பன் முன்னமே பெஞ்சில் உட்கார்ந்து தங்கை கொடுத்த பொரியைத் தின்றுகொண்டிருந்தான்.

"பாலு, புது வண்டிக்கு எதப்பா போடறது?" என்றார் கைலாசம்.

"நாலுங்க. வேற பேச்சே இல்லீங்க," என்றான் நாச்சிமுத்து.

"ஒம்பதைப் போடுங்க," என்றான் சென்னியப்பன். "நாலு, நாலுன்னு குதிக்கறீங்களே. ஏறறா ஏறறாங்கறீங்க. ஏறிப் போயி என்னத்தைப் பண்றா? வாயைத் தொறந்துபோட்டு சும்மா நிக்கறா. சத்தமே கெடையாது. அதுக்கு நம்மூட்டு எருமை தேவலை."

எல்லாரும் சிரித்தார்கள். கைலாசம் மட்டும் சிரிக்கவில்லை. சென்னியப்பனை ஒரு முறை பார்த்தார்.

"சத்தமே கெடையாதா? ஏனப்பா, அவ கத்துற கத்துக்கு மலைமேல இருக்கற கொரங்கெல்லாம் எறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருது. உனக்கு மட்டும் சும்மா நிக்கறாளாக்கும்?" என்றான் நாச்சிமுத்து.

"நின்னா நிக்கறான்னுதான் சொல்லுவேன். ஒம்பதைக் கேளு. அவ பொம்பள."

"அவளா பொம்பள?" நாச்சிமுத்து சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "நம்பரே சொல்லுதேப்பா. ஒம்பதுக்கு ஒம்பதுதான் புடிக்கும். பாவம், அதானே பொண்டாட்டி வாழப்பாடியிலயே குந்திக்கிட்டா."

அந்த எண்ணை ஆணிலும் பெண்ணிலும் சேராதவர்களை இழிவு செய்யும் வசையாக ஊர் வைத்திருந்தது. நம்பர் போட்ட அன்று உண்ணாமலைக்கு அது தோன்றவே இல்லை. எட்டுக்கு அடுத்தது ஒன்பது என்று எழுதினாள். இத்தனை மாதமாக அண்ணன் முதுகுக்குப் பின்னால் இந்தப் பேச்சு ஓடியிருக்கிறது என்பதை மற்றவர்கள் சிரித்த வேகத்தில் இப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

சென்னியப்பன் பொரித் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து பக்கத்துப் பட்டறைக்குப் போனான். போய்விட்டான் என்றே நினைத்தார்கள். அங்கே பூசைக்கு வைத்த சாமான்கள் வரிசையாக, சந்தனம் வைத்து, மாலை போட்டபடி இருந்தன. மறுபூசை போட்டு எடுக்கிறவரை அவற்றை யாரும் தொடக் கூடாது. அந்த வரிசையிலிருந்து இரண்டடிப் பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். செவ்வந்திப் பூ மாலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் சிரிப்பு முடிவதற்குள் வாயில் விழுந்தது.

கல்லில் தேங்காய் போடுகிற சத்தம். நாச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் மண்டியிட்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. அவன் உருண்டதால் கடைக் கண்ணாடியில் விழுந்து, கண்ணாடி மொத்தமாக இறங்கியது. நாச்சிமுத்துவும் லேசுப்பட்டவன் இல்லை. உருண்ட இடத்திலேயே பெஞ்சின் காலைப் பிடித்து இழுத்துச் சென்னியப்பனின் விலாவில் இடித்தான். சென்னியப்பன் மடிந்து விழுந்தான். நாச்சிமுத்து எழுந்து, விழுந்தவனின் முகத்தில் மிதித்தான். பொரி, பூ, கண்ணாடித் தூள், ரத்தம். பட்டறை ஆட்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கைலாசம் ரெஞ்சைப் பிடுங்கி ரோட்டுக்கு எறிந்தார்.

"நாய்களா! பூசை போட்ட சாமானடா அது!"

நாச்சிமுத்து துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு துப்பினான். துண்டில் பல் இருந்தது. "போடச் சொல்லுங்க நாலை," என்றான் குழறலாக. "சத்தமில்லைன்னு சொன்னானில்ல. எல்லாத்துக்கும் முன்னால போடச் சொல்லுங்க."

"நீ மொதல்ல ஆசுபத்திரிக்குப் போடா."

"போட்டாத்தான் போவேன்."

கைலாசம் யோசித்தார். இருபது வருஷம் லீவர் பிடித்துவிட்டு முதலாளியானவர். அப்படி ஏறுகிற குரலை ஒருவன் சும்மா நிற்கிறது என்று ஏன் சொல்கிறான் என்பது அவருக்குள் அரித்துக்கொண்டிருந்தது. "சரி, போடு பாலு. சென்னியப்பா, இங்க வா. அவ எப்ப நிறுத்தறாளோ அப்பக் கையத் தூக்கு. அவ்வளவுதான். பாத்தரலாம்."

பாலசுந்தரம் மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். முதலாளி நின்றுகொண்டிருந்தார். அவன் நாலாம் நம்பர்த் தட்டை எடுத்து, சுவரலமாரியில் இருந்த பிளேயரில் வைத்து முள்ளை இறக்கினான். மேசையின் ஒரு கால் சண்டையில் பிசகியிருந்ததால் ஆம்பிளிபயர் ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

புல்லாங்குழல் வந்தது. அவள் வந்தாள். ஏறினாள். வார்த்தையை விட்டாள். மேலே, இன்னும் மேலே. பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைக்கூட யாரோ நிறுத்தினார்கள். குரல் உச்சிக்குப் போய் நின்று ரோடு முழுக்க நிறைந்திருந்தபோது, சென்னியப்பன் கையைத் தூக்கினான்.

அவள் பாடிக்கொண்டே இருந்தாள். சென்னியப்பன் கையை இறக்காமல், ஜெயித்தவன் மாதிரி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நாச்சிமுத்து மட்டும் ரத்த வாயோடு சிரிக்க ஆரம்பித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சென்னியப்பனின் கண் அறைக்குள் சுற்றியது. ஆம்பிளிபயரின் மேல் இருந்த மைத்துனனின் கையில் போய் நின்றது.

"மாப்பள, நீ கொறச்சுப்போட்டே."

"இல்லீங் மச்சான். ஆடுதேன்னு புடிச்சேன்."

"அவனுங்ககூடச் சேந்துட்டு எனக்குச் சத்தத்தைக் கொறச்சுப் போட்டே. என்ற தங்கச்சியக் கட்டிட்டு, என்ற சோத்துல மண்ணப் போடறியா?"

சொல்லிக்கொண்டே பாய்ந்தான். மேசை சரிந்தது. ஆம்பிளிபயர் பாலசுந்தரத்தின் மேல் விழ, அவன் மல்லாந்தான். ஸ்பீக்கருக்குப் போகிற வயர் சென்னியப்பன் கைக்கு வந்தது. கழுத்தில் இரண்டு சுற்று. முட்டியை நெஞ்சில் ஊன்றி இழுத்தான். எட்டு வருஷம் இரும்பு ராடு தூக்கிய கை. பின்னாலிருந்து இருவர் அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் முழங்கை பட்டு ஒருவனுக்கு மூக்கு உடைந்தது, மற்றவன் கண்ணாடித் தூளில் வழுக்கி விழுந்தான். பாலசுந்தரத்தின் குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன. தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒற்றை ஸ்பீக்கரில் நாலாம் நம்பர்க்காரி உச்சியிலேயே நின்றாள்.

"அண்ணா! உடுங்கண்ணா! அண்ணா, செத்துருவாருங்க!"

உண்ணாமலை அலறினாள். அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. அவன் தலை திரும்பவில்லை. கோபத்தில் கேட்டும் கேளாமல் இருக்கிற ஆளின் கழுத்து வேறு மாதிரி விறைக்கும். அது அவளுக்குத் தெரியும். கூடப் பிறந்தவள். இந்தக் கழுத்தில் அது இல்லை. அவள் குரல் அவனிடம் போகவே இல்லை. இரண்டு வருஷமாகச் சாப்பிடக் கூப்பிட்டால் வராதது, வாசலில் நின்று கூப்பிட்டால் திரும்பாமல் போவது, காசு சம்பாதிக்கிற திமிர் என்று அவளே வீட்டில் சொல்லிக் குறைபட்டது எல்லாம் ஒரே நொடியில் வேறு பொருளாக மாறியது.

முழங்காலில் விழுந்து அவன் காதருகே வாயைக் கொண்டு போனாள். குரலை வயிற்றிலிருந்து எடுத்தாள். தொண்டை கிழிகிற அளவுக்குக் கீழே இறக்கினாள்.

"சென்னியப்பா! உடு!"

அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தங்கை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. செத்துப்போன அப்பன்தான் அப்படி அதட்டுவார். சென்னியப்பனின் கைகள் தாமாகத் தளர்ந்தன. வயர் நழுவியது. திரும்பித் தங்கையைப் பார்த்தான். யார் கூப்பிட்டது என்று அவளுக்குப் பின்னாலும் பார்த்தான்.

பாலசுந்தரம் இருமினான். முகம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. கழுத்தில் வயர் பதிந்த இரண்டு வரியிலும் ரத்தம் கட்டியிருந்தது. பேச வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. யாரோ தட்டின் முள்ளைத் தூக்கினார்கள்.

கைலாசம் உண்ணாமலையின் பக்கத்தில் வந்து குந்தினார். "அம்மிணி, நெசத்தைச் சொல்லு. அவனுக்குக் காது கேக்காதா?"

சொன்னால் புதன்கிழமை வண்டி இல்லை. வாழப்பாடியிலிருந்து அண்ணி வரப்போவதில்லை. ஹெல்ப்பராகக்கூட எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டார்கள். கேட்கும், கோபத்தில் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைலாசம் நம்ப விரும்புகிறார் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. அவளுக்கு அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பிறகு கர்நூலில் ஏதோ ஒரு காட்டில், இருநூறு அடிக்குக் கீழே ஹேமர் சத்தம் ஒரு நூல் ஏறுவதையும், அண்ணன் லீவரைப் பிடித்தபடி ஜெயித்தவன் மாதிரி நிற்பதையும், ராடுக்குப் பக்கத்தில் ஒரு பையன் நிற்பதையும் நினைத்தாள். புருஷனின் கழுத்தைப் பார்த்தாள்.

"மேல் சத்தம் கேக்கலீங்க," என்றாள். "பொம்பளைங்க பேசறது, கொழந்தைங்க பேசறது... எதுவுமே கேக்கலீங்க அவருக்கு. கம்பரசர் தின்னுபோட்டுதுங்க."

தன் சொந்தக் குரலில் சொன்னாள். இரண்டு எட்டுத் தள்ளிச் சென்னியப்பன் சுவரில் சாய்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

கைலாசம் எழுந்தார். அவனை நேராகப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "சென்னியப்பா, புதங்கெழம வண்டிக்கு நீ வேண்டாம். வேற ஆளப் பாத்துக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

சென்னியப்பன் எல்லாம் கேட்டுக்கொண்டவன் போல நின்றான். உடனே தலையாட்டினான். முகத்தில் நன்றிகூட இருந்தது.

"சரிங்க. வெடியால நாலு மணிக்கே வந்தர்றேனுங்க."

நாச்சிமுத்துகூடச் சிரிக்கவில்லை. துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். கைலாசம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, இரண்டாவது தடவை சொல்லத் தெம்பில்லாமல் படி இறங்கினார். பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பாலசுந்தரத்துக்குத் தொண்டையில் குரல் இல்லை. மிச்சமிருந்தது அவள்தான்.

உண்ணாமலை எழுந்து அண்ணன் முன்னால் போய் நின்றாள். மறுபடியும் குரலை இறக்கினாள். வார்த்தை வார்த்தையாக, அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களுக்குக் காது போச்சுங்கண்ணா. வண்டி இல்லைன்னு சொல்லிப்போட்டாரு."

அறை கன்னத்தில் விழுந்தது. சின்ன வயதில்கூட அவளை அடித்திராத கை. கீழுதடு பல்லில் கிழிந்து உப்புக் கரித்தது. பாலசுந்தரம் தரையிலிருந்து எழ முயன்றான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"காது போச்சுங்கண்ணா. வண்டி இல்லைன்னுட்டாரு."

இரண்டாவது அறையில் சுவரில் போய் இடித்தாள். அலமாரியிலிருந்து கேசட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்து, மூன்றாவது முறையும் சொன்னாள்.

சென்னியப்பனின் கை மேலே போயிற்று, அங்கேயே நின்றது. அவள் உதட்டில் வழிவதைப் பார்த்தான். கடைவாசலில் யாரும் இல்லாததைப் பார்த்தான். கையை இறக்கி, காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, தங்கையின் வாயருகே குனிந்தான்.

"இன்னொருக்கா சொல்லு அம்மிணி," என்றான். "சித்த நிறுத்திச் சொல்லு."